ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு சிடிஜி தட்டையானால்: குறைமாத வலியில் குழந்தையின் இதயத்துடிப்பைப் படிக்கும் முறை

குறைமாதத்தில் வலி வந்து சேர்க்கப்பட்ட தாய்க்கு, குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காக டெக்ஸாமெத்தசோனோ பீட்டாமெத்தசோனோ (இரண்டும் ஸ்டீராய்டுகள்) போட்டாயிற்று. மறுநாளோ அதற்கடுத்த நாளோ எடுத்த சிடிஜியில் (குழந்தையின் இதயத்துடிப்பையும் தாயின் வலியையும் தாளில் வரையும் பதிவு) கோடு தட்டையாக ஓடுகிறது. இது மருந்தின் வேலையா, குழந்தைக்கு மூச்சுத் திணறலா? இந்தக் கேள்விக்கு இரண்டு விதமாகத் தப்பாகப் பதில் சொல்லலாம். பயந்துபோய் 29 வாரக் குழந்தையைத் தேவையில்லாமல் அறுவை செய்து எடுப்பது ஒன்று. 'எல்லாம் ஸ்டீராய்டு எஃபெக்ட்தான்' என்று சொல்லி, உண்மையில் திணறும் குழந்தையை விட்டுவிடுவது இன்னொன்று. இரண்டாவதுதான் அதிக ஆபத்து. ஆகவே கீழே உள்ள முறை முழுவதும் ஒரே விதியின் மேல் நிற்கிறது: மற்ற எல்லாக் காரணங்களையும் பார்த்து விலக்கிய பிறகே மருந்தின் மேல் பழி போட வேண்டும்.

லேபர் வார்டு செவிலியர்களுக்கும் இளம் மருத்துவர்களுக்குமானது இது. எந்த இடத்திலும் கடைசி முடிவு பொறுப்பில் இருக்கும் மகப்பேறு மருத்துவருடையது.

ஊசி போடும் முன்பே தொடங்கும் வேலை

வழக்கமான அளவு: டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி. தசையில், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, 4 டோஸ். அல்லது பீட்டாமெத்தசோன் 12 மி.கி. தசையில், 24 மணி இடைவெளியில் 2 டோஸ். எதைப் போட்டாலும் மொத்தம் 24 மி.கி. இந்தியாவில் அரசு மருத்துவமனைகளில் டெக்ஸாதான் வழக்கம். மத்திய சுகாதார அமைச்சகம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 24 முதல் 34 வாரம் வரை அதையே சொல்கிறது. நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் வயலில் 2 மி.லி. இருக்கும், மி.லி.க்கு 4 மி.கி. ஆகவே ஒரு டோஸுக்கு 1.5 மி.லி. எடுக்க வேண்டும். வயல் முழுவதையும் ஏற்றிவிடுவது (8 மி.கி. போய்விடும்), அரை வயல் மட்டும் எடுப்பது (4 மி.கி.தான் போகும்) ஆகிய இரண்டு தவறுகளும் நடக்கின்றன. சிரிஞ்சில் 1.5 கோட்டை இன்னொருவர் பார்த்துச் சொல்லட்டும்.

மருந்தை எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்திலேயே சிடிஜியை மாட்டுங்கள். 20 முதல் 30 நிமிடம் ஓடினால் போதும். இதற்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். முதல் டோஸ் உடலில் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் துடிப்பின் கோலம் மாறிவிடாது, ஆகவே ஊசி போட்ட கையோடு எடுத்த பதிவும் 'முந்தைய' பதிவாகவே பயன்படும். மூன்றாம் நாள் குழப்பம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க இந்தத் தாள் கையில் இருக்க வேண்டும். இது இல்லாமல், எப்போதுமே தட்டையாக இருந்த குழந்தையையும் மருந்தால் தட்டையான குழந்தையையும் பிரித்தறிவது பெரும்பாடு.

முதல் டோஸ் போட்ட தேதியையும் மணியையும் கேஸ் ஷீட்டில் மட்டும் எழுதினால் போதாது. சிடிஜி தாளின் தலைப்பிலும் எழுதுங்கள். இரவு டியூட்டியில் தாளைக் கையில் எடுப்பவர் கேஸ் ஷீட்டைப் புரட்டுவார் என்று நம்ப முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் முதல் டோஸைப் போட்டு அனுப்பியிருந்தால், பரிந்துரைச் சீட்டில் உள்ள நேரத்தை அப்படியே இறக்கி எழுதுங்கள். சீட்டில் நேரம் இல்லையென்றால் போன் போட்டுக் கேளுங்கள்.

கடிகாரம்: எந்த நாளில் என்ன எதிர்பார்க்கலாம்

முதல் டோஸ் திங்கள் காலை 6 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம்.

திங்கள் முழுவதும், அதாவது முதல் 24 மணி நேரம்: பேஸ்லைன், அதாவது நிமிடத்துக்கான துடிப்பின் சராசரி மட்டம், கொஞ்சம் இறங்கலாம். ஆனால் 110-க்குக் கீழே போகாது. வேரியபிலிட்டி, அதாவது துடிப்பின் ஏற்ற இறக்க வீச்சு, அப்படியே இருக்கும் அல்லது சற்றுக் கூடும். இந்த நேரத்தில் கோடு தட்டையானால் ஸ்டீராய்டைக் காரணம் சொல்ல இடமே இல்லை.

செவ்வாய் காலையிலிருந்து வியாழன் காலை வரை, அதாவது இரண்டாம், மூன்றாம் நாள்: வேரியபிலிட்டி குறையும், அக்சிலரேஷன் (துடிப்பு சில வினாடி ஏறி இறங்குவது) அரிதாகும். குழந்தையின் உடலசைவும் மார்பின் மூச்சசைவும் குறையும். மூச்சசைவுதான் அதிகமாக அடிவாங்கும். பகலுக்கும் இரவுக்கும் உள்ள இயல்பான வித்தியாசமும் மங்கிப்போகும்.

வியாழனிலிருந்து மீளத் தொடங்கும். வெள்ளி காலைக்குள், அதாவது 96 மணி நேரத்துக்குள், பழைய நிலைக்குப் பெரும்பாலும் திரும்பிவிட வேண்டும். அதற்குப் பிறகும் கோடு தட்டையாகவே ஓடினால் மருந்தைச் சொல்லிச் சமாளிக்காதீர்கள், வேறு காரணத்தைத் தேடுங்கள்.

இந்தக் கோலம் தெளிவாகப் பதிவானது பீட்டாமெத்தசோனில். டெக்ஸாவில் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை: சில ஆய்வுகளில் வேரியபிலிட்டி குறையவே இல்லை, சிலவற்றில் பீட்டாவைப் போலவே குறைந்தது. நடைமுறையில் இதன் பொருள் இதுதான்: டெக்ஸா போட்ட தாயின் சிடிஜி தட்டையானால், மருந்தைக் காரணம் சொல்ல இன்னும் கொஞ்சம் தயங்குங்கள்.

ஏன் இப்படி ஆகிறது

இந்த இரண்டு மருந்துகளும் நஞ்சுக்கொடியில் அழியாமல் குழந்தையிடம் போய்ச் சேருகின்றன. பிரெட்னிசோலோனைப் பெருமளவு நஞ்சுக்கொடியே செயலிழக்கச் செய்துவிடுவதால்தான் நுரையீரல் முதிர்ச்சிக்கு அதைப் பயன்படுத்துவதில்லை. செம்மறியாட்டுக் கருக்களில் செய்த ஆய்வுகளில், ஸ்டீராய்டு போனதும் கருவின் இரத்த அழுத்தம் ஏறுவதைப் பார்த்திருக்கிறார்கள். அழுத்தம் ஏறினால் உடல் துடிப்பை மெதுவாக்கும். முதல் நாள் பேஸ்லைன் இறங்குவதற்கு இது பொருத்தமான விளக்கம். அடுத்த கட்டத்தில் மூளையில் உள்ள ஏற்பிகள் வழியாகக் குழந்தையின் அசைவும் மூச்சசைவும் அடங்குகின்றன. அக்சிலரேஷனில் பெரும்பகுதியும் வேரியபிலிட்டியில் ஒரு பங்கும் அசைவோடு சேர்ந்து வருபவை என்பதால் அவையும் கூடவே குறைகின்றன. ஆக்சிஜன் குறைவு இதில் எங்கும் இல்லை. பனிக்குட நீர் குறைவதில்லை, டாப்ளரும் (இரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன்) கெடுவதில்லை. பிரித்தறிய இதுவே நமக்குக் கிடைத்த பிடி.

முதலில் தாளையே சந்தேகியுங்கள்

தட்டையான கோட்டைப் பார்த்ததும் முதல் கேள்வி: தாளின் வேகம் என்ன? நிமிடத்துக்கு 1 செ.மீ. வேகத்தில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 3 செ.மீ. வேகத்தில் ஓடும் தாள் எப்போதுமே தட்டையாகத்தான் தெரியும். வேறு வார்டிலிருந்து மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தால் இது நிச்சயம் பார்க்க வேண்டிய விஷயம்.

இரண்டாவது கேள்வி: இது யாருடைய துடிப்பு? 30 வாரத்துக்கு முன் குழந்தை சின்னது, நழுவிக்கொண்டே இருக்கும். மெஷின் தாயின் நாடியைப் பிடித்துக்கொள்வது சகஜம். தாயின் நாடியை விரல் வைத்து எண்ணி, தாளில் அந்த நேரத்துக்கு நேராக எழுதுங்கள். வலியை நிறுத்த நிபெடிபின் கொடுத்திருந்தால் தாயின் நாடியே 110, 120 என்று ஓடலாம், அது குழந்தையின் துடிப்பு போலவே ஏமாற்றும்.

மூன்றாவது: இந்த வாரத்துக் குழந்தைக்கு எது இயல்பு? 24 முதல் 26 வாரத்தில் பேஸ்லைன் 155 அளவில் இருப்பது சாதாரணம். நிறைமாதத்தை நெருங்க நெருங்க அது 140 பக்கம் இறங்கும். 32 வாரத்துக்கு முன் 10 துடிப்பு ஏறி 10 வினாடி நின்றாலே அக்சிலரேஷன் என்று எண்ண வேண்டும், 15 துடிப்பு, 15 வினாடி கேட்கக் கூடாது. சின்னச் சின்ன, சில வினாடி டிசெலரேஷன்கள் (துடிப்பு தற்காலிகமாக இறங்குவது) 30 வாரத்துக்கு முன் அடிக்கடி வரும், தனியாக வந்தால் அவற்றுக்குப் பெரிய அர்த்தம் இல்லை. நிறைமாதக் குழந்தைக்கான அளவுகோலை வைத்துப் பார்த்தால், ஸ்டீராய்டு போடாத 27 வாரக் குழந்தையும் 'அப்நார்மல்' ஆகிவிடும். 26 வாரத்துக்கு முன் சிடிஜி எடுப்பதா வேண்டாமா என்பதே மூத்த மருத்துவர் குடும்பத்தோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு.

தட்டையான கோடு உண்மைதான் என்றால்

தாயைப் போய்ப் பாருங்கள். இது சாதாரணமாகத் தெரியும், ஆனால் தாளை வைத்துக்கொண்டே விவாதித்துக்கொண்டிருப்பதுதான் வார்டில் நடக்கிறது. நாடி, இரத்த அழுத்தம், காய்ச்சல். வயிறு கல்லாக இருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா, இரத்தப் போக்கு உண்டா? உண்டு என்றால் நஞ்சுக்கொடி பிரிவதாக எண்ணி நடவடிக்கை எடுக்க வேண்டும், ஸ்டீராய்டுக் கணக்கு அங்கே செல்லாது. பனிக்குடம் உடைந்திருந்தால் தொப்புள்கொடி இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆபத்தான அறிகுறி ஏதும் இல்லையென்றால் தாயை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, பதிவை 60 நிமிடமாக நீட்டுங்கள். குழந்தையின் ஆழ்ந்த தூக்கம் 50 நிமிடம் வரை போகலாம். வீச்சு 5 துடிப்புக்குக் கீழே 50 நிமிடத்துக்கு மேல் நீடித்தால்தான் 'குறைந்த வேரியபிலிட்டி' என்று எழுத வேண்டும். 20 நிமிடத் தாளை வைத்துக்கொண்டு யாரையும் எழுப்பாதீர்கள், டிசெலரேஷன் இருந்தாலொழிய.

பிறகு வேறு மருந்துகள். மக்னீசியம் சல்பேட்தான் முக்கியமான போட்டியாளர். குழந்தையின் மூளையைக் காக்க 4 கிராம் ஏற்றி, பிறகு மணிக்கு 1 கிராம் போகும். அதுவும் பேஸ்லைனையும் வேரியபிலிட்டியையும் சற்றுக் குறைக்கும், பெரும்பாலும் ஸ்டீராய்டோடு சேர்ந்தே போகும். இரண்டும் போன குழந்தையில் எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. மக்னீசியம் நின்று சில மணி நேரத்தில் கோடு தேறினால் அது மக்னீசியம். தட்டையான சிடிஜியோடு தாயின் முழங்கால் அனிச்சையும் மறைந்திருந்தால் சொட்டை நிறுத்துங்கள், அது நச்சு அளவு. வலிக்குப் போட்ட பெதிடினும் கோட்டைத் தட்டையாக்கும்.

சர்க்கரை நோயுள்ள தாய் என்றால், சிடிஜி தட்டையானதும் முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள், சிறுநீரில் கீட்டோனும் பாருங்கள். ஸ்டீராய்டு போட்டுச் சுமார் 12 மணி நேரத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கி சில நாள் உயர்ந்தே இருக்கும். கீட்டோஅசிடோசிஸ் (கீட்டோன் சேர்ந்து தாயின் இரத்தம் அமிலமாவது) வந்தால் குழந்தையின் கோடு தட்டையாகும், லேட் டிசெலரேஷனும் (வலிக்குப் பின் தாமதித்து வருவது) வரும். அங்கே காப்பாற்றுவது இன்சுலினும் சொட்டும், அவசர அறுவையல்ல. 'ஸ்டீராய்டு எஃபெக்ட்' என்ற சொல் இங்கே உண்மைதான், ஆனால் ஆபத்தான உண்மை.

இவையெல்லாம் முடிந்த பிறகு தாளுக்குத் திரும்புங்கள். இரண்டாம், மூன்றாம் நாளில் ஸ்டீராய்டு செய்வது ஒன்றுதான்: வீச்சைக் குறைப்பது. அதோடு அக்சிலரேஷனும் போகும். அது செய்யாதவை மூன்று, இவற்றை மனப்பாடம் செய்துகொள்ளலாம்:

- திரும்பத் திரும்ப வரும் டிசெலரேஷன், குறிப்பாக வலிக்குப் பின் தாமதித்து வருவது.
- 160-க்கு மேல் ஏறிய பேஸ்லைன். இதற்குக் கிருமித் தொற்று, காய்ச்சல், நீரிழப்பு, அல்லது வலியை நிறுத்தக் கொடுக்கும் ஐசாக்சுப்ரைன், டெர்பியூட்டலின் காரணமாகலாம்.
- 110-க்குக் கீழே விழுந்து நிற்கும் பேஸ்லைன்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் மருந்தின் கணக்கை மூடிவிட்டு மூத்தவரை அழையுங்கள்.

கிருமித் தொற்றில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்டீராய்டு போட்ட 24 மணி நேரத்தில் தாயின் வெள்ளணு எண்ணிக்கை தானாகவே ஏறும், மூன்று நாளில் இறங்கும். ஆகவே செவ்வாய்க்கிழமை இரத்த அறிக்கையில் வெள்ளணு கூடியிருப்பது தொற்றுக்குச் சாட்சியாகாது, இல்லை என்பதற்கும் சாட்சியாகாது. பனிக்குடம் உடைந்த தாயிடம் குழந்தையின் பேஸ்லைன் முதல் பதிவில் 140-ஆக இருந்து இப்போது 165 என்றால், அந்த ஏற்றத்தையே நம்புங்கள். முதல் பதிவு கையில் இருப்பதன் இன்னொரு பயன் இது.

ஸ்கேன் அறையில்

பயோபிசிகல் ப்ரொஃபைல் (குழந்தையின் நலனை ஐந்து அம்சங்களில் பார்த்து, தலா 2 மதிப்பெண் போடும் சோதனை) கேட்டால் கவனம் தேவை. மொத்தம் 10 மதிப்பெண்ணில் மூச்சசைவு, உடலசைவு, என்எஸ்டி (அக்சிலரேஷன் வருகிறதா என்று பார்க்கும் சிடிஜி) ஆகிய மூன்றையும் ஸ்டீராய்டே பறித்துவிடலாம். மிச்சம் 4. மற்ற நாளில் 4 என்றால் குழந்தையை எடுக்கும் பேச்சு வந்துவிடும். இரண்டாம், மூன்றாம் நாளில் மொத்த எண்ணைச் சொல்லாமல், எந்த 2 மதிப்பெண் எங்கே போனது என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். தசை விறைப்பும் பனிக்குட நீரும் நன்றாக இருந்து, தொப்புள் தமனி டாப்ளர் முன்போலவே இருந்தால் காத்திருக்கலாம். மூச்சசைவு தெரியவில்லை என்று 30 நிமிடம் முடியும் முன்பே சோனோகிராபர் எழுந்துவிட்டால் அந்த மதிப்பெண் செல்லாது.

வளர்ச்சி குன்றிய குழந்தையில் டாப்ளரும் ஏமாற்றும், ஆனால் எதிர்த் திசையில். தொப்புள் தமனியில் டயஸ்டோல் (இதயம் விரியும் நேரம்) முடிவில் ஓட்டம் இல்லாதிருந்த குழந்தைக்கு ஸ்டீராய்டு போட்டுச் சுமார் ஒரு நாளில் ஓட்டம் திரும்பி வரலாம். சில நாளில் மறுபடி போய்விடும். நஞ்சுக்கொடி குணமாகிவிட்டது என்று எண்ணி ஸ்கேன் இடைவெளியை நீட்டிவிடாதீர்கள்.

கம்ப்யூட்டர் சிடிஜி உள்ள இடங்களில் எஸ்டிவி எண் (அடுத்தடுத்த துடிப்புகளின் இடைவெளியில் உள்ள நுண்ணிய வேறுபாடு) கிடைக்கும். வளர்ச்சி குன்றிய குழந்தைகளில் ஐரோப்பிய ட்ரஃபிள் ஆய்வு வைத்த பாதுகாப்பு எல்லை 26 முதல் 28 வாரம் முடியும் வரை 2.6 மில்லிவினாடி, 29 முதல் 31 வாரம் முடியும் வரை 3 மில்லிவினாடி. எல்லைக்குச் சற்று மேலே இருந்த குழந்தையை மூன்றாம் நாள் ஸ்டீராய்டு கீழே தள்ளிவிட முடியும். டிசெலரேஷன் இல்லாமல் எண் மட்டும் சற்றுக் குறைந்திருந்தால் டக்டஸ் வினோசஸ் (கருவின் கல்லீரலைத் தாண்டி இதயத்தின் பக்கம் இரத்தம் போகும் சிறு நாளம்) டாப்ளரைப் பார்த்து, சில மணி நேரத்தில் பதிவை மீண்டும் எடுத்து, மூத்தவர் முடிவெடுக்கட்டும். டிசெலரேஷன் தானாகத் திரும்பத் திரும்ப வந்தால் எண்ணைப் பார்க்கவே வேண்டாம். இன்னொன்று, இந்த எண்கள் வலி இல்லாத நேரத்துக்கானவை. பிரசவ வலி ஓடும்போது எஸ்டிவியை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

வலி முற்றிய பிறகு

முற்றிய குறைமாத வலியில் நம்மிடம் உள்ள கருவிகள் குறைவு. 34 வாரத்துக்கு முன் தலையில் எலக்ட்ரோடு பொருத்துவதோ தலையிலிருந்து இரத்தம் எடுப்பதோ கூடாது. பிறப்புறுப்புப் பரிசோதனையின்போது விரலால் தலையை மெல்லத் தூண்டி, அக்சிலரேஷன் வந்தால் நிம்மதி. வராவிட்டால், மூன்றாம் நாளில் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆகவே இங்கே எல்லாப் பாரமும் டிசெலரேஷன் மேலும் பேஸ்லைன் மேலும் விழுகிறது. பதிவை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். வீச்சு குறைந்து, வலிக்குப் பின் தாமத டிசெலரேஷனும் வந்தால் அது ஆக்சிஜன் குறைவுதான் என்று கொண்டு செயல்படுங்கள்.

துடிப்பு மாறுமே என்று பயந்து மீதி டோஸை நிறுத்துவதும் அங்கங்கே நடக்கிறது. கூடாது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2020-இல் வெளியான ஆக்‌ஷன் ஆய்வில், டெக்ஸா பெற்ற தாய்மார்களின் குழந்தைகளில் பிறந்த முதல் 28 நாளில் இறந்தவை 19.6 சதவீதம், பெறாதவர்களின் குழந்தைகளில் 23.5 சதவீதம். மூன்று நாள் தட்டையான கோட்டுக்கு இந்த லாபத்தை விடக் கூடாது.

எழுதுவதும் சொல்வதும்

'சிடிஜி ஓகே', 'ஸ்டீராய்டு எஃபெக்ட்' என்று மட்டும் எழுதினால் அடுத்த ஷிஃப்டுக்குப் பயனில்லை. இப்படி எழுதலாம்: '30 வாரம். முதல் டெக்ஸா திங்கள் காலை 6.00, இப்போது 52 மணி. பேஸ்லைன் 140 (முதல் பதிவில் 145). வீச்சு 5-க்குக் கீழ், 60 நிமிடம். அக்சிலரேஷன் இல்லை, டிசெலரேஷன் இல்லை. தாய் நாடி 88, காய்ச்சல் இல்லை, வயிறு மென்மை. மக்னீசியம் நேற்று மாலை 4-க்கு நின்றது. நீரும் டாப்ளரும் இயல்பு. மறுபதிவு மதியம் 2 மணி, வெள்ளி காலை கட்டாயம்.' கடைசி வரிதான் விட்டுப்போகும். மீண்டதைப் பார்க்காத வரை அது மருந்தின் விளைவு என்பது ஊகம்தான்.

தாயிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "இந்த ஊசி போட்ட ரெண்டாவது, மூணாவது நாள் குழந்தை அசைவு கொஞ்சம் கம்மியா தெரியலாம்மா. ஆனா கம்மியா இருக்குன்னு தோணினா ஊசியாலதான்னு நீங்களே முடிவு பண்ணிக்காதீங்க, உடனே எங்களைக் கூப்பிடுங்க." இரண்டாவது பாதியைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் சொன்னால் சொல்லாமலே இருந்திருக்கலாம். அவர் கூப்பிட்டால் ஒவ்வொரு முறையும் சிடிஜி போட வேண்டும்.

இரட்டைக் குழந்தையில் இரண்டு கோடும் ஒரே நேரத்தில் தட்டையானால் மருந்தின் பக்கம் சாயலாம். ஒன்று மட்டும் தட்டையானால் மருந்தைச் சொல்ல முடியாது, இருவருக்கும் போனது ஒரே டோஸ்தான்.

வலி அடங்கி, சில வாரம் கழித்து மறுபடி வலி வந்து, 34 வாரத்துக்கு முன் இரண்டாவது கோர்ஸ் போடும் முடிவு எடுத்தால், மேலே சொன்ன எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து: ஊசிக்கு முன் புதுப் பதிவு, தாளின் தலைப்பில் புது நேரம். பழைய கோர்ஸின் பதிவை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள், இதற்குள் குழந்தை வளர்ந்திருக்கும், பேஸ்லைனும் இறங்கியிருக்கும்.